இருமுறை ஓட்டினால் இரு படங்கள்: மன்னார்குடித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், ஒரே தரவில் ஒரே நிரலை இருமுறை ஓட்டியும் வெவ்வேறு படங்கள் வந்ததால் மனம் தளர்ந்து, முதுகலைக்கு இத்துறையே வேண்டாம் என்கிறாள் என எழுதியிருந்தீர்கள். முடிவெடுக்கும் முன் அவள் செய்ததைச் சற்றுப் பார்ப்போம்.

நடவுக்கு எந்தப் பெண் யாருடன் சேர்ந்து போகிறார் என்று ஊரில் விசாரித்து அவள் குறித்திருக்கிறாள். ஒரே தெரு, உறவு, பழைய மனத்தாங்கல் ஆகியவை அந்தக் குறிப்பில் இல்லை. ஆனால் யார் யாரோடு சேர்வது என்பதைப் பெரும்பாலும் அவையே தீர்மானிக்கின்றன. இத்தகைய மறைகாரணிகளைக் கணிக்க, ஒவ்வொருவருக்கும் காகிதம் போன்ற ஒரு தட்டைத் தளத்தில் ஓர் இடம் கொடுத்து, அருகில் இருப்பவர்கள் சேரும் வாய்ப்பு அதிகம் என்று கொள்ளும் முறையை ஹாஃப், ராஃப்டரி, ஹேண்ட்காக் ஆகிய புள்ளியியலாளர் மூவர் 2002-இல் முன்வைத்தனர். அவள் ஓட்டிய நிரலும் இவ்வழியில்தான் படம் வரைகிறது. அதில் இடைத்தொலைவு மட்டுமே கணக்கில் வரும். டெல்டாவின் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையிலுள்ள தொலைவு மாறுவதில்லை. அதுபோலவே, திருப்பிய படங்கள் யாவும் தரவுக்குச் சமமாகப் பொருந்துவதால், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தரவிடம் வழியில்லை. ஆகவே அவள் இடறியது பெரும்பாலும் தன் பிழையில் அல்ல, அத்துறையின் மையமான கேள்வி ஒன்றில்.

இரு படங்களிலும் ஒவ்வோர் இணைக்கும் உள்ள தொலைவுகளை அவள் ஒப்பிடட்டும். அவை ஏறக்குறைய ஒன்றானால், ஒரு படத்தைச் சுழற்றியோ கண்ணாடிபோல் புரட்டியோ மற்றதன்மேல் பொருத்தும் புரோக்ரஸ்டஸ் முறையே போதும். பெரிதும் வேறுபட்டால், நிரல் இன்னும் ஒரு நிலையான விடையை எட்டவில்லை என்று ஐயுற வேண்டும். படத்தின் கிடையச்சுக்கு 'உறவுமுறை' என்று பெயர் சூட்டிவிடும் ஆசையை மட்டும் அவள் அடக்க வேண்டும். சுழற்றினால் மாறிவிடும் அச்சுக்குத் தனிப் பொருள் கிடையாது. தெருவையும் உறவையும் தனியே கேட்டறிந்து ஒப்பிட்ட பின்னரே அப்படிச் சொல்லலாம்.

மேற்படிப்புக்கு, ஐஐடிகளில் சேர்வதற்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தனித் தாளாகவே உள்ளது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.ஸ்டாட் என்ற புள்ளியியல் முதுகலைப் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. தூரம் தயக்கம் தந்தால், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. எதற்கும் இவ்வாண்டு அவள் அணிகளையும் (எண்களின் கட்ட அட்டவணைகள்), அவற்றின் தன்மையைக் காட்டும் ஐகன் மதிப்புகளையும் கையால் கணக்கிட்டுப் பழகுவது, மற்றொரு நிரல்மொழி வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட நல்லது என்பது என் கருத்து. திட்டப்பணியின் தலைப்பை மாற்ற வேண்டாம். அந்த இரு படங்களையும் அருகருகே அறிக்கையில் வைக்கச் சொல்லுங்கள்.