இலங்கை போகிறீர்களா அண்ணாச்சி? கற்பூரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குடும்பத்தோடு இலங்கை போகிறோம். சிகிரியா, பொலன்னறுவை, ஹார்ட்டன் சமவெளி பார்க்க ஆசை. பழைய சிவன் கோயிலில் கற்பூரம் ஏற்றலாமா? காட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டு போகலாமா? வேறு எதிலெல்லாம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு?"

அண்ணாச்சி, கற்பூரம் வேண்டாம். பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம் என்று 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயில் ஒன்று இருக்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டே உண்டு, அதைப் பார்த்ததும் நமக்குக் கை தானாகத் திருநீற்றுப் பைக்குத்தான் போகும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். எண்ணெய் கல்லுக்குள் இறங்கிவிடும், அதன்மேல் தூசி அப்பிக்கொள்ளும், கற்பூரக் கரி எழுத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியாது. கும்பிடுங்கள், கையை மட்டும் கல்லில் வைக்காதீர்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணை வருகிறவர் போகிறவரெல்லாம் தட்டிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கம்தான் வெளியூரிலும் நம் கூடவே வருகிறது.

சிகிரியா பாறைக்கோட்டையில் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று இருக்கிறது. வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, அதில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்து போனவர்கள் எழுதிய பாட்டெல்லாம் கீறலாக இருக்கும். அவர்கள் எழுதியிருக்கிறார்களே, நாமும் பேரை எழுதினால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தோன்றும், போகும் முன்பே சொல்லி வையுங்கள். 2015இல் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் அந்தச் சுவரில் பேரைக் கீறியதற்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை பெற்றார், ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். மேலே குகையில் இருக்கும் ஓவியங்களைப் படம் எடுக்கவே கூடாது, ஃபிளாஷ் இல்லாவிட்டாலும்தான். 1967இல் யாரோ அவற்றின்மேல் பெயிண்டை ஊற்றிப் பெரிய சேதம் ஆனது, அங்கே காவல் கெடுபிடியாக இருப்பது நியாயம்தான். ஏறும்போது சத்தமும் போடாதீர்கள், பாறையில் குளவிக்கூடு உண்டு. அப்புறம் வேட்டி பொலன்னறுவைக்குச் சரி, சிகிரியாவின் இரும்புப் படிக்குப் பேண்ட்தான் தோது. பெண்களும் சேலையைத் தவிர்த்துச் சுடிதாரில் போகலாம்.

பொலன்னறுவையில் கல் விகாரை என்ற பௌத்தக் கோயிலில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. சிலையைப் பார்த்தபடியோ பக்கவாட்டிலோ நின்று எடுங்கள். செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டிய இடங்கள் நிறைய, மத்தியான வெயிலில் கல் கொதிக்கும், பழைய சாக்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புத்தர் படம் போட்ட சட்டை வேண்டவே வேண்டாம். 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண்ணைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள்.

கட்டுச்சோறு தாராளமாகக் கொண்டு போகலாம், ஆனால் பாலித்தீன் கூடாது. ஹார்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், கேரி பேக்கை எடுத்துவிடுவார்கள், தண்ணீர் பாட்டிலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். புளியோதரையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் மிளா மான் வந்து நிற்கும், நம் களக்காடு முண்டந்துறையில் இருக்கும் அதே மிளாதான், இங்கே மனித வாடை பட்டாலே ஓடுவது அங்கே ஆள் பக்கத்தில் வந்து மோந்து பார்க்கும். அது பாசம் இல்லை, ஆட்கள் தின்னக் கொடுத்துப் பழக்கியது. சோற்று வாசம் ஒட்டிய கவரையும் சேர்த்து மென்றுவிடும், வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் செரிக்காது. ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். பொதிகை மலை ஞாபகத்தில் மூலிகை, விதை என்று எதையும் பறிக்கவும் வேண்டாம். கடற்கரைக்குப் போனால் பவளப்பாறைத் துண்டும் அப்படித்தான், விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்காகிவிடும்.

டிரோன் வைத்திருந்தால், முன்கூட்டியே அனுமதி வாங்காமல் எடுத்துப் போகாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்று காட்டினால் பல இடங்களில் கட்டணம் குறையும். ஹார்ட்டனுக்கு மட்டும் விடியற்காலையிலேயே கிளம்புங்கள், காலை பத்து மணி வாக்கில் அங்குள்ள ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தை மூட்டம் மூடிவிடும், ஒன்றும் தெரியாது. பௌர்ணமி நாளில் விகாரைகளில் கூட்டம் தள்ளும், தேதி குறிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.