டஸ்டி பேக்கருக்கு வந்த சிறு பக்கவாதம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

டாக்டர், பேஸ்பால் மேலாளர் டஸ்டி பேக்கருக்கு 2012இல் பக்கவாதம் வந்தது என்கிறார்கள். சில நாள்களிலேயே அவர் மைதானத்துக்குத் திரும்பிவிட்டாராமே. அப்படியானால் அது பக்கவாதம்தானா?

அவருக்கு வந்தது சிறு பக்கவாதம். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேலாளராக இருந்தார், வயது 63. சிகாகோவில் கப்ஸ் அணிக்கு எதிரான ஆட்டங்களுக்காகச் சென்றிருந்தபோது இதயத் துடிப்பு சீர்கெட்டதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிகிச்சை முடிந்து வெளியேறவிருந்த நாளில், மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, சிறு பக்கவாதம் தாக்கியது. மருத்துவர்கள் அருகிலேயே இருந்ததால் உடனே கண்டறிந்து கவனித்தார்கள். அதே நிகழ்வு சில மணி நேரம் கழித்து, விமானத்திலோ தனி அறையிலோ நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. துணைப் பயிற்சியாளர் கிறிஸ் ஸ்பையர் அணியைக் கவனித்துக்கொண்டார். பேக்கர் இல்லாத அந்த நாள்களிலேயே ரெட்ஸ் தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்தது. அக்டோபர் தொடக்கத்தில் அவர் பணிக்குத் திரும்பினார்.

கோளாறு இதயத்தில், பாதிப்பு மூளையில். இது எப்படி?

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும்போது, குறிப்பாக இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பையில், ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி ரத்த ஓட்டத்தோடு கிளம்பி மூளையின் குழாய் ஒன்றை அடைத்துவிட்டால் அதுவே பக்கவாதம். அடைப்பு தானாகக் கரைந்து, மூளைத் திசு சேதமடையும் முன்பே ஓட்டம் மீண்டால் அது சிறு பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். பலருக்கு இது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை என்பதால், 60 வயதைக் கடந்தவர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே நாடியின் சீரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மாமியாருக்குச் சென்ற வாரம் வாய் கோணி, பேச்சுக் குழறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டதால் நாங்கள் எங்கும் போகவில்லை. இனிமேலும் போக வேண்டுமா?

இன்றே போங்கள் அம்மா. முகம் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கை துவள்வது, பேச்சுக் குழறுவது, ஒரு கண் திடீரென இருள்வது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் எது வந்து மறைந்தாலும், மறைந்துவிட்டதே என்று நிம்மதி கொள்வதுதான் பெரும் ஆபத்து. சிறு பக்கவாதத்தைத் தொடர்ந்து பெரிய பக்கவாதம் வருமானால், அது பலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே வருகிறது. அந்த நேரம் உங்கள் மாமியாருக்குக் கடந்துவிட்டது, ஆனால் அடுத்த சில வாரங்களும் பாதுகாப்பானவை அல்ல. மூளைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக் குழாய்களுக்கு ஸ்கேன், இதயத்துக்கு ஈ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு ஆகிய பரிசோதனைகள் அவருக்குத் தேவை. பிரிட்டனில் நடந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிகிச்சையை உடனுக்குடன் தொடங்கியபோது, அடுத்த 90 நாள்களில் மீண்டும் பக்கவாதம் வரும் விகிதம் 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. முன்பே இருந்த மருந்துகளைத் தாமதமின்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இனி ஒருமுறை அறிகுறி தோன்றினால், அது மறைகிறதா என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டிலேயே ஓர் ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு அழைத்துப் போகலாமா?

கூடாது. மூளையில் ரத்தம் கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். ஸ்கேன் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பேக்கர் அவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்பியது சரியா? என் கணவர் அவரை உதாரணம் காட்டி விடுப்பே எடுக்க மறுக்கிறார்.

மூளையில் நிலையான பாதிப்பு இல்லாமல், காரணமும் தெரிந்து, சிகிச்சையும் தொடங்கிவிட்டால் விரைவில் திரும்புவது இயலக்கூடியதே. பேக்கர் பின்னர் 2022இல், 73 வயதில், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் மேலாளராக, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றார். ஆனால் உங்கள் கணவர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார் என்பதைத்தான். சில வாரங்கள் அசதியும் மறதியும் பயமும் இருப்பது இயல்பு; அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம். வாகனம் ஓட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். பிரிட்டனில் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது என்பது விதி.

துடிப்புக் கோளாறுக்காக என் அப்பா ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுக்கிறார். பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. சில நாள் நிறுத்தலாமா?

நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. புதிய வகை மாத்திரைகளில் அந்தப் பாதுகாப்பு ஓரிரு நாளிலேயே போய்விடும். சாதாரணமாக ஒரு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் மருந்தை நிறுத்தத் தேவையே இராது. மாத்திரையின் பெயரைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரையும் இதய மருத்துவரையும் பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள்.