கேள்வி நேரம்: தூங்கும்போது அறிவு எங்கே?

கே: ஆழ்ந்த தூக்கத்தில் எதுவுமே தெரிவதில்லை. அறிவு எப்போதும் இருக்கிறது என்று அத்வைதம் எப்படிச் சொல்கிறது? (வாசகர், தஞ்சாவூர்)

ப: 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்று விழித்ததும் சொல்கிறோமே, அது நினைவா, ஊகமா என்பதில்தான் வழக்கு. நியாய தத்துவத்தைச் சேர்ந்த நையாயிகர் ஊகம் என்பார்: தூக்கத்தில் அறிவு இல்லை, எழுந்தபின் கணித்துச் சொல்கிறோம். அத்வைதி நினைவு என்பார். அனுபவிக்காதது நினைவுக்கு வராது. ஆகவே அந்தத் தெரியாமையும் சாட்சிக்கு, அதாவது எல்லாவற்றையும் பார்த்திருக்கும் உள்ளறிவுக்கு, தெரிந்தே இருந்தது. ஒடுங்கியது மனமும், அதன் அசைவுகளால் வரும் அறிவான விருத்தி ஞானமும் மட்டுமே. நம் இயல்பாகவே உள்ள அறிவான சொரூப ஞானம் ஒடுங்கவில்லை.

மயக்க மருந்திலிருந்து எழுபவர் சிலருக்கு 'சுகமாக' என்ற நினைவு வருவதில்லையே என்றால், இந்த வாதம் கொஞ்சம் தளரத்தான் செய்கிறது. 'அறிவே இல்லை' என்பதையும் ஓர் அறிவு இல்லாமல் எப்படி அறிவது என்ற எதிர்க்கேள்விதான் இதைவிட வலுவானது.

12 மந்திரங்களே உள்ள மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, தூக்கத்தைச் சொல்லிவிட்டு நான்காவதான துரியத்தை 'இது அன்று, இது அன்று' என்று மறுத்தே காட்டுகிறது. அது மூன்றுக்கும் அப்பால் போய் நுழையும் இன்னொரு நிலை அல்ல, மூன்றிலும் மாறாதிருப்பது. 'துரிய நிலைக்குப் பயிற்சி' என்ற விளம்பரங்களைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: 'நான் யார்' என்று உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் சொக்குகிறது. என்ன தவறு? (வாசகி, கும்பகோணம்)

ப: கேள்வியை ஜபமாக உருட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்டபோது ரமணர் எழுதிக்காட்டிய முறை வேறு. 'அடுப்பை அணைத்தோமா?' என்று ஓர் எண்ணம் எழுகிறது. அதை முடிக்க விடாமல், 'இது யாருக்கு?' என்று கேளுங்கள். 'எனக்கு' என்று வரும். 'அந்த நான் யார்?' என்றதும் கவனம் அடுப்பை விட்டு நினைப்பவன் பக்கம் திரும்பும். அங்கேயே நில்லுங்கள். 'நான் பிரம்மம்' என்று பதில் சொல்லிக்கொள்ள வேண்டாம்; அதுவும் ஓர் எண்ணமே. அடுத்த எண்ணம் எழுந்தால் மறுபடி கேளுங்கள்.

சொக்குவது லயம்: மனம் தற்காலிகமாக ஒடுங்குவது. மூச்சை அடக்கினாலும் இதேதான், விட்டதும் மனம் கிளம்பிவிடும். லயத்தில் மனத்தை எழுப்பு, சிதறினால் அமைதிப்படுத்து என்கிறது மாண்டூக்கியத்துக்குக் கௌடபாதர் எழுதிய செய்யுள் விளக்கமான காரிகை. சாப்பிட்டவுடன் உட்காராதீர்கள், வயிறு முட்ட உண்ணாதீர்கள். ஒரு மணி நேரம் தூங்கி வழிவதைவிடப் பத்து நிமிடம் விழிப்போடு இருப்பது மேல். நடக்கும்போதும் கேட்கலாம்.

சொக்காமல் ஒரு சுகம் வந்தால்? அதையும் சுவைக்காதே என்பதுதான் காரிகையின் அடுத்த செய்யுள். அந்தச் சுகம் யாருக்கு என்று கேளுங்கள்.