கேட்காமலே அமைந்துவிடுபவை: லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி (ஹட்டன்): என் மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸ் மின்டும் இருக்கின்றன. மின்டைப் பாவித்த பின் விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி நிற்கிறது. மதர்போர்ட் பேட்டரியை மாற்றியும் சரிவரவில்லை.

பேட்டரியில் குற்றமில்லை. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது, அந்த வித்தியாசம்தான் உங்களுக்குத் தெரிகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பொது நேரத்தை ஏற்கச் செய்வதே நல்ல வழி. அதில் கைவைக்கத் தயக்கமென்றால், டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிழை மறுபக்கம் திரும்பும்.

கேள்வி (பதுளை): கட்டளை நிரல்கள் இருக்கும் பின் (/bin) கோப்புறையிலும் யூஎஸ்ஆர் பின் (/usr/bin) கோப்புறையிலும் ஒரே கோப்புகள் இருக்கின்றன. இடம் மிச்சமாக ஒன்றை அழிக்கலாமா?

கூடவே கூடாது. அங்கே இருப்பது ஒரே தொகுதிதான்; முதலாவது, இரண்டாவதைச் சுட்டும் வெறும் இணைப்பு. லினக்ஸ் வினியோகங்களில் (வெவ்வேறு குழுக்கள் வெளியிடும் லினக்ஸ் வகைகளில்) ஃபெடோரா 2012இலேயே இப்படி ஒன்றாக்கியது. டெபியன் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டது. அழித்தால் ஒரு எம்பிகூட மிஞ்சாது, கணினிதான் எழும்பாது.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியை): பாடசாலைக் கணினியில் உபுண்டு 22.04 இருந்தது. 24.04ஐ நிறுவும்போது திரையில் வந்தபடியே அடுத்தது, அடுத்தது என்று அழுத்தினேன். மாணவர்களின் செயற்றிட்டக் கோப்புகள் எல்லாம் போய்விட்டன. மீட்க முடியுமா?

டீச்சர், அந்தக் கணினியை உடனே நிறுத்துங்கள். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் தேடிப் பாருங்கள். கோப்புப் பெயர்கள் திரும்ப வரமாட்டா. புதிய தரவு மேலே எழுதப்படாத கோப்புகளில் சில கிடைக்கலாம்.

நாம் எதையும் மாற்றாவிட்டால் உபுண்டு நிறுவி தானாகச் செய்துவிடும் இயல்பமைப்பின்மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவை எடுத்தால், உபுண்டு பெரும்பாலும் ஒரே பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) உருவாக்கி, அமைப்புக் கோப்புகளையும் நம் கோப்புகள் இருக்கும் ஹோமையும் அதற்குள்ளேயே போட்டுவிடுகிறது. தனியாள் ஒருவரின் மடிக்கணினிக்கு அது வசதி; எங்கே இடம் போதவில்லை என்ற தலைவலி இல்லை. பல பிள்ளைகள் மாறிமாறி உட்காரும், இரண்டு வருடத்துக்கொரு முறை மறுபடி நிறுவப்படும் தோட்டப் பாடசாலைக் கணினிக்கு அது சற்றும் பொருந்தாது. அங்கே மறு நிறுவல் என்பது நிச்சயம் வரப்போகும் விடயம். அதற்கு முன்கூட்டியே இடம் பிரித்து வைக்க வேண்டும்.

அடுத்த முறை பார்ட்டிஷனைக் கைமுறையாக அமைக்கும் தெரிவை எடுங்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ரூட்டுக்கு 60 ஜிபி, மீதி ஹோமுக்கு. பழைய கையேடுகள் ரூட்டுக்கு 20 ஜிபி போதும் என்று சொல்லும், நம்பாதீர்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற பொதிகளாக நிறுவும் செயலிகள் வார் (/var) கோப்புறைக்குள் ரூட்டிலேயே குவிகின்றன. மறுபடி நிறுவும்போது ஹோமை இணைக்க மட்டும் வேண்டும், ஃபார்மட் பெட்டியில் அடையாளம் இருக்கவே கூடாது. பழைய பயனர் பெயரையே கொடுங்கள். ஃபெடோரா 2020 முதல் டெஸ்க்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையை) இயல்பாகவே கொடுக்கிறது. அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனித் துணைத்தொகுதிகளாக இருந்தபடி ஒரே இடத்தைப் பகிர்கின்றன. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

ஆனால் தனி ஹோம் காப்பு நகல் ஆகாது. வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். முதலில் நகல் எடுங்கள்; அதன் பிறகே நிறுவல் பென்டிரைவைத் தொடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): டெம்ப் (/tmp) என்ற தற்காலிகக் கோப்புறையில் வைத்த கோப்புகள் காணாமல் போகின்றன. ஏன்?

எந்த வினியோகம், எந்தப் பதிப்பு? ஒன்றும் எழுதவில்லை. இவை இல்லாத கேள்விக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும். டெபியன் 13 என்றால் டெம்ப் இயல்பாகவே ரேமில் இருக்கிறது, நினைவகத்தில் பாதி வரை எடுக்கும்; மின்சாரம் போனால் எல்லாம் போகும். மற்றவற்றிலும் அங்கே எதையும் சேமிக்காதீர்கள்.

கேள்வி (நாவலப்பிட்டி): 1 டிபி வட்டை எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்தேன். வெறும் வட்டிலேயே 50 ஜிபி வரை குறைகிறதே?

முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்காக 5 வீதம் ஒதுக்கப்படுகிறது. படங்களும் பாட்டுகளும் மட்டும் வைக்கும் வட்டென்றால் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளையால் 1 வீதமாகக் குறையுங்கள். இயங்குதளம் இருக்கும் வட்டில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி (தலவாக்கலை): 4 ஜிபி ரேம். ரேம் நிறைந்தால் கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் அவசியமா?

பார்ட்டிஷன் அவசியமில்லை. உபுண்டு 17.04 முதல் ஸ்வாப்பைக் கோப்பாகவே வைக்கிறது. ஸ்வாப்பை எவ்வளவு நாடுவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பு 60ஐயும் அப்படியே விட்டுவிடுங்கள், அதைக் குறைத்து ரேமைப் பெருக்க முடியாது.

கேள்வி (ராகலை, மாணவி): காற்று மழைக் காலத்தில் அடிக்கடி மின்சாரம் தடைப்படுகிறது. எக்ஸ்ட்4 ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) வைத்திருப்பதால் பயமில்லை என்கிறார் அண்ணா. உண்மையா?

பாதி உண்மை, தங்கச்சி. ஜர்னல் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. நீங்கள் கடைசியாகச் சேமித்ததுகூட அரை நிமிடம் வரை நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். சேமிக்காத பத்தியை எந்த ஜர்னலும் தராது. லிப்ரே ஆஃபிஸ் மீட்புத் தகவலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதுகிறது. அமைப்புகளில் ஏற்றுதல்-சேமித்தல் பகுதிக்குப் போய் அதை இரண்டு நிமிடமாக மாற்றுங்கள். வேலை முடிந்ததும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, முறையாக வெளியேற்றிய பின்பே உருவுங்கள்.