மீட்டர் சரி என்கிறது, ட்ரான்சிஸ்டர் ஏன் போகிறது?

கேள்வி: தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு சின்ன போர்டு செய்தேன். 12 வோல்ட் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பிசி547 ட்ரான்சிஸ்டர் இயக்குகிறது. ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலில் 30 மில்லி ஆம்பியர்தான் ஓடுகிறது, சூடும் இல்லை. ஆனாலும் நாலைந்து நாளுக்கு ஒரு ட்ரான்சிஸ்டர் போய்விடுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் அளந்தது சரிதான். ரிலே இழுத்து நின்ற பிறகு காயில் வெறும் 400 ஓம் கம்பிதான். 12 வோல்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். பிசி547 தாங்குவது 100. உங்கள் ட்ரான்சிஸ்டர் சாவது அப்போது அல்ல, ரிலே விடும் அந்த ஒரு கணத்தில். மல்டிமீட்டரின் கண்ணுக்கு அது படாது.

காயிலின் இண்டக்டன்ஸை, அதாவது கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணத்தை, 1 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். (ரிலேயின் அசையும் இரும்புத் தகடான ஆர்மேச்சர் ஒட்டியதும் இது கொஞ்சம் கூடும், இப்போதைக்கு விடுங்கள்.) சுவிட்ச் போட்டதும் கரண்ட் சட்டென்று 30-க்குப் போகாது. இண்டக்டன்ஸை மின்தடையால் வகுத்தால் 2.5 மில்லி விநாடி. அதுதான் கால மாறிலி. அதற்குள் 63 சதவீதம், அதாவது 19 மில்லி ஆம்பியர் வரும். அதுபோல் ஐந்து மடங்கு நேரம் போனால் ஏறக்குறைய முழுசும் வந்துவிடும். இதில் ஆபத்து இல்லை.

ஆஃப் செய்யும்போதுதான் வினை. ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட்டை காயில் சட்டென்று விடாது. 30 மில்லி ஆம்பியரை 10 மைக்ரோ விநாடியில் அறுக்கப் பார்த்தால், கணக்குப்படி 3000 வோல்ட் எழ வேண்டும். அவ்வளவு தூரம் போகாது. 45 வோல்ட்டுக்கே உத்தரவாதம் உள்ள பிசி547 அதற்கு முன்பே உடைந்து வழிவிடும். ஒவ்வொரு ஆஃபிலும் இந்த அடி விழுந்தால் பாவம், அது எத்தனை நாள் தாங்கும்? காயிலின் இரு முனைகளையும் விரலால் பிடித்தபடி பேட்டரியை எடுத்தபோது சுருக்கென்று உதறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட்டை விடுவது) பற்றவையுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் அடுத்த ஆனிலேயே ட்ரான்சிஸ்டர் காலி. சரியாகப் போட்டால் கரண்ட் டயோடு வழியே சுற்றி, 7 மில்லி விநாடியில் அடங்கிவிடும்.

அந்தத் தாமதத்தால் ரிலே மெதுவாக விடும், மோட்டார் கரண்ட்டை இணைத்துப் பிரிக்கும் காண்டாக்டில் தீப்பொறி கூடலாம். அப்படித் தெரிந்தால் டயோடுடன் தொடராக, எதிர்த் திசையில் ஒரு 24 வோல்ட் ஜீனர் (எதிர்த் திசையில் 24 வோல்ட் வந்தால்தான் கரண்ட்டை விடும் டயோடு) சேருங்கள். கரண்ட் 1 மில்லி விநாடியில் அடங்கும். ட்ரான்சிஸ்டரில் காயில் இணைந்த கால் ஆன கலெக்டரில் 37 வோல்ட்டுக்கு மேல் ஏறாது.