ஹார்ட் கேஸ் போட்டா லேப்டாப்ல கீறல் விழுமா?

கேள்வி: புதுசா மேக்புக் ஏர் வாங்கியிருக்கேன், எம்2 சிப் மாடல், மிட்நைட் கலர். கீறல் விழக்கூடாதுன்னு ஹார்ட் கேஸ் போடலாம்னு பாத்தா, ஃப்ரெண்டு ஒருத்தர் "கேஸ் போட்டாதான் கீறலே விழும், கழட்டும்போது தெரியும் பாரு"ங்கிறார். பிளாஸ்டிக் எப்படிங்க உலோகத்த கீறும்?

பதில்: கீறல் விழறது நிஜம்தான், ஆனா கீறுறது பிளாஸ்டிக் இல்ல. ஹார்ட் கேஸ் பெரும்பாலும் பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக், உங்க லேப்டாப் மேல இருக்கிறது அனோடைஸ் பண்ண அலுமினியம், அதாவது மேல ஒரு அலுமினியம் ஆக்சைடு படலம் இருக்கும், பாலிகார்பனேட் தேச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது. வேலைய காட்டுறது ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கிற தூசி. தூசின்னு லேசா சொல்லிடறோம், அதுல பொடி மணல் இருக்கு, மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவுல (எண் கூடுனா கெட்டி அதிகம்) 7, வெறும் அலுமினியம் 3 பக்கம்தான். மேல இருக்கிற படலம் கெட்டிதான், ஆனா மைக்ரான் கணக்குல மெலிசு, அதனால ஒரு துகள் ஒரே புள்ளில அழுத்துனா அடியில இருக்கிற உலோகம் அமுங்கி படலம் உடையுது. பேக்ல வச்சு நடக்கும்போது கேஸ் லேசா ஆடிட்டே இருக்குமே, உள்ள மாட்டுன மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஏற்கனவே கேஸ் போட்டிருக்கிற யாராச்சும் இருந்தா கழட்டி லைட்டுக்கு நேரா சாய்ச்சு பாக்கச் சொல்லுங்க. நடு மூடி பளிச்சுன்னு இருக்கும், நாலு மூலையிலயும் கிளிப் கவ்வுற விளிம்புலயும்தான் பொடிப்பொடி கோடு இருக்கும், கேஸோட உள்விளிம்புல சாம்பல் கலர்ல ஒரு தூசிக் கோடு ஒட்டியிருக்கும். மிட்நைட் மாதிரி அடர் கலர்ல இது இன்னும் எடுப்பா தெரியும், ஏன்னா சாயம் அந்த படலத்துக்குள்ளதான் இருக்கு, அது போனா அடியில வெள்ளி கலர். சில்வர் கலர் வாங்குனவங்களுக்கு இந்த கவலை கம்மி.

அப்போ கேஸே வேணாமான்னா, அப்படியும் இல்ல. மேஜை மேல இழுக்கிறது, பேக்குக்குள்ள சாவி சார்ஜர் உரசுறது, இதுக்கெல்லாம் கேஸ் நல்லாவே தாங்கும். (கீழ விழுந்தா காப்பாத்தும்னு மட்டும் நம்பாதீங்க, அவ்ளோ மெலிசு பிளாஸ்டிக் அதிர்ச்சிய எங்க வாங்கப்போகுது.) ஆனா அளவு கச்சிதமா இருக்கணும், ஏர்னு போட்டிருந்தா போதும்னு வாங்காதீங்க, எம்1 ஏர் ஏ2337, உங்களோடது 13 இன்ச்னா ஏ2681, உடம்பு வடிவமே வேற. லேப்டாப்போட அடியில பொடி எழுத்துல மாடல் நம்பர் இருக்கும், அத பாத்து வாங்குங்க. லூசா இருந்தா ஆடும், ஆடுனா தேயும். மாட்டுறதுக்கு முன்னாடியும், அப்புறம் மாசத்துக்கு ஒருவாட்டியாவது கழட்டியும், முதல்ல தூசிய ஊதிட்டு அப்புறமா மைக்ரோஃபைபர் துணியால துடைங்க, எடுத்த எடுப்புலயே அழுத்தி துடைச்சா அந்த மணல நாமளே இழுத்து விட்ட கதை. கழட்டும்போது கிளிப்ப நகத்தால நெம்புங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி விழற கீறலுக்கும் பழி கேஸ் மேலதான் விழுது.

மூடிமேல கேஸ் வெயிட் ஏறுனா கீல்ல கொஞ்சம் பாரம் கூடும்ங்கிறதும் உண்டு. என்னைக் கேட்டா வினைல் ஸ்கின் (ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுற மெலிசான ஷீட்) ஒட்டிட்டு வெளிய போகும்போது ஸ்லீவ்ல போட்டு எடுத்துட்டு போவேன், ஸ்கின் ஒட்டிக்கிட்டு இருக்கிறதால நடுவுல தூசி போக இடமே இல்ல. மாசாமாசம் கழட்டி துடைக்கிற பொறுமை இருக்கிறவங்க தாராளமா கேஸ் போடலாம்.

கேள்வி: விழுந்த கீறல டூத்பேஸ்ட் போட்டு தேச்சா போயிடும்ங்கிறாங்களே?

பதில்: தேய்க்காதீங்க. அனோடைஸ் பண்ணதுல பாலிஷ் போட்டா மிச்சம் இருக்கிற படலமும் சாயமும் சேர்ந்து தேயும், கோடா இருந்தது பளபளன்னு ஒரு திட்டா ஆயிடும். மறைக்கணும்னா மேல ஸ்கின் ஒட்டிடுங்க.