கூடிப் பேசுவதா, எழுதி அனுப்புவதா? செட்டிநாட்டு வியாபாரிகள் கேட்டவை

காரைக்குடியில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இருபது வருடமாகப் போன் லைனும் நெட்வொர்க்கும் போட்டுக் கொடுத்து வருகிறேன். கொஞ்ச நாளாகப் போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: தொழில் விஷயத்தைக் கான்பரன்ஸ் காலில் பேசி முடிப்பது நல்லதா, பாதுகாப்பான மெசேஜ் ஆப்பில் எழுதுவது நல்லதா? கேட்டவர்களின் கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் ஆர்க்கிடெக்ட், வீட்டுக்காரர், மேஸ்திரி மூவரும் கான்பரன்ஸில் வந்துதான் ஆர்டர் சொல்கிறார்கள். அது போதாதா?

போதாது தம்பி. உங்கள் தொழிலில் தவறினால் திருத்த வழியில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்ட் மணல் போட்டு அழுத்திவிட்டால் அந்தக் கல் அந்தக் கல்தான். உருக்கி மறுபடி வார்க்க அது இரும்பு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் "பச்சை நடுவுல, சிவப்பு ஓரத்துல" என்று போனில் சொன்னதை மாற்றிக் கேட்டுவிட்டார்கள். ஒரு கூடம் முழுக்கப் போட வேண்டிய கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்ந்து, அடுக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. யார் சொன்னது சரி என்று பேச மூன்று பேர் இருந்தார்கள், காட்ட ஒரு வரிகூட இல்லை.

அதற்காகப் பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த டிசைன் கூடத்துக்கு எடுக்கும், எது கண்ணை உறுத்தும் என்பதெல்லாம் பேசினால்தான் பிடிபடும். பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் நீங்களே ஒரு மெசேஜ் போடுங்கள்: அளவு, எண்ணிக்கை, நடுக்கல் நிறம், ஓரக்கல் நிறம், விலை, தேதி, மாதிரிக் கல்லின் போட்டோ. "சரி" என்று அவர்கள் பதில் போட்ட பிறகு அச்சைக் கையில் எடுங்கள்.

தேவகோட்டையில் கணக்கு எழுதும் அலுவலகம் எங்களுடையது. எங்களிடம் கணக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட், பான் கார்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். பத்திரம்தானா, ஐயா?

வழியில் பத்திரம். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் எல்லாத் தனி மெசேஜும், குரூப் மெசேஜும், காலும் இருமுனை மறையாக்கத்தில் போகின்றன. அனுப்புகிறவர் போனில் பூட்டி, பெறுகிறவர் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் கம்பெனிக்குச் சாவி கிடையாது. சிக்னல் ஆப்பும் அதே முறைதான். சொல்லப்போனால் வாட்ஸ்அப் பயன்படுத்துவதே சிக்னல்காரர்கள் எழுதிய முறையைத்தான். யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரத்தைச் சிக்னல் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. அதனால் கட்சிக்காரர்களின் தாள்களுக்கு என்னுடைய முதல் தேர்வு சிக்னல்தான்.

டெலிகிராமைப் பலரும் ரகசிய ஆப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் சாதாரண சாட்டும் குரூப் மெசேஜும் இருமுனையில் பூட்டப்படுவதில்லை. இரண்டு பேருக்குள் தனியாகத் திறக்கும் ரகசிய சாட்டுக்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. கட்சிக்காரர் தாள் எதையும் அதில் வாங்காதீர்கள்.

ஆனால் தாள்கள் கசிவது வழியில் இல்லை, இரு முனைகளில். உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடியே கிடக்கிறதா? மதியம் சாப்பிடப் போகும்போது யார் உட்கார்ந்தாலும் எல்லாம் தெரியும். செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்றைக்கே திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மெசேஜ்களின் நகலை இணையத்தில் சேர்த்து வைக்கும் கிளவுட் பேக்கப்புக்கும் தனிப் பூட்டு உண்டு. அதை நாமேதான் போட வேண்டும், தானாக விழாது. அந்தக் கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். மறந்தால் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது.

அப்படியென்றால் சாதாரண போன் காலில் பேசுவது?

போனுக்கும் டவருக்கும் இடையில்தான் பூட்டு. அதைத் தாண்டி கம்பெனியின் நெட்வொர்க்கில் அது திறந்த பேச்சு. சாதாரண கான்பரன்ஸில் பொதுவாக ஐந்து பேரைச் சேர்க்கலாம். சரக்கு வந்ததா, லாரி கிளம்பியதா என்பதற்கு இது போதும். பங்கு பிரிப்பது, கடன் தொகை பேசுவது என்றால் வாட்ஸ்அப் காலோ சிக்னல் காலோ நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரே காலில் 32 பேர் வரை வரலாம்.

காரைக்குடியில் பலகாரக் கடை. சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லா ஊரிலிருந்தும் கல்யாணச் சீர் ஆர்டர் வருகிறது. துபாய்க்காரர்களோடு மட்டும் வாட்ஸ்அப் காலில் பேச முடிவதில்லையே, தம்பி?

ஆச்சி, கோளாறு உங்கள் போனில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்கு அனுமதி கிடையாது. மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும். போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற ஆப்பில் பேசலாம். ஆனால் உங்கள் வேலைக்கு எழுத்தே மேல். மனகோலம் எத்தனை கிலோ, தேன்குழல் எத்தனை, அதிரசம் எத்தனை என்பதை வாய்ஸ் நோட்டில்கூட வாங்காதீர்கள். அடுப்படியில் எண்ணெய் காயும்போது மூன்று நிமிட வாய்ஸ் நோட்டை நாலு தரம் ஓட்டிக் கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? எழுதி வாங்கினால் அப்படியே தாளில் எடுத்து அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிடலாம்.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பாட்டையா கட்டிய வீடு. இப்போது 14 பங்கு. சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், நியூயார்க் என்று ஆளுக்கொரு ஊர். ஓடு மாற்ற வேண்டும், விற்பதா விடுதிக்கு விடுவதா என்றும் பேச்சு. குரூப்பில் எழுதினால் சண்டைதான் வருகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். படிக்கும்போதே மனது கனக்கிறது. வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை வைத்துக்கொண்டு ஒன்றாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு வரி மெசேஜால் பேச்சை நிறுத்திக்கொள்வதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். "உங்க இஷ்டம்" என்று எழுத்தில் வந்தால் ஒருவருக்குக் கோபமாகத் தெரியும், இன்னொருவருக்குச் சம்மதமாகத் தெரியும். குரலில் கேட்டால் எது என்று உடனே புரிந்துவிடும். அதனால் இங்கே பேச்சுதான் முதலில்.

ஆனால் வெறுங்கையோடு பேசாதீர்கள். மூன்று நாள் முன்பே ஒழுகும் இடங்களின் போட்டோ, கொத்தனாரின் மதிப்பீட்டுத் தாள், பங்குக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு ஆகியவற்றைக் குரூப்பில் போட்டுவிடுங்கள். மாலை 6.30க்குக் கூடுங்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அப்போது இரவு 9, நியூயார்க்கில் பருவத்தைப் பொறுத்துக் காலை 8 அல்லது 9. வீடியோ வேண்டாம். குரல் மட்டும் என்றால் நெட் குறைந்த ஊரிலும் விட்டுவிட்டுக் கேட்காது. யார் முகம் சுளித்தார் என்ற பேச்சும் பிறகு வராது. வயதில் மூத்தவரில் தொடங்கி, பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவரையும் முழுதாகப் பேச விடுங்கள். ஆச்சிமார்களையும் கட்டாயம் அழையுங்கள். பல வீடுகளில் கடைசி வார்த்தை அவர்களுடையதுதான்.

முடிந்ததும் அன்று இரவே, கூட்டத்தை நடத்தியவர் முடிவுகளை எண் போட்டுக் குரூப்பில் எழுத வேண்டும். ஒவ்வொரு பங்காளியும் தன் பெயரோடு "சம்மதம்" என்று போட வேண்டும். அப்புறம் ஒன்று: வீட்டை விற்பதும் பங்கை விட்டுக்கொடுப்பதும் பதிவு அலுவலகத்தில் பத்திரமாக ஆனால்தான் செல்லும். வாட்ஸ்அப் சம்மதம் மனஸ்தாபத்தைத் தடுக்கும், உரிமையை மாற்றாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை இந்தியத் தூதரகச் சான்றோடு அனுப்பலாம். அதற்கு வக்கீலைப் பாருங்கள்.

ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. பணம் கட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம் கிடைக்கும். அதற்கும் மேல் ஓடும் கூட்டத்தை முதலில் குறைக்கப் பாருங்கள். ஜூமில் இருமுனை மறையாக்கத்தைப் போட்டால் சாதாரண போனிலிருந்து எண் அடித்து உள்ளே வர முடியாது, கிளவுடில் பதிவும் செய்ய முடியாது. ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் வர வேண்டும் என்றால் அதைப் போடாதீர்கள்.

மெசேஜ் தானாக அழியும் வசதியைப் போடலாமா? கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் எங்களுக்கு.

சேலை ஆர்டருக்குப் போடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தகராறு கோர்ட்டுக்குப் போனாலும் மெசேஜ் சாட்சியாக நிற்கும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி அதற்குரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அழிந்த மெசேஜுக்கு யார் சான்று தருவார்? பில்லையும் ஆர்டரையும் மாதாமாதம் கம்ப்யூட்டரில் தனியாக இறக்கி வையுங்கள். ஓடிபி, கடவுச்சொல், ஆதார் படம் இவற்றை யாருக்கும் அனுப்பாமல் இருப்பதே நல்லது. ஆதார் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு சாட்டில் மட்டும் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி வையுங்கள்.

வேலையை விட்டுப் போன பையன் குரூப்பில் இருந்தால் என்ன ஆகிவிடும்?

எனக்கே ஆகியிருக்கிறது. கேமரா, கேபிள் விலைப்பட்டியலை குரூப்பில் போட்டுக்கொண்டே இருந்தேன். போய் ஐந்து மாதம் ஆன பையன் அதில் இருக்கிறான் என்பதே நினைவில்லை. ஒரு கொட்டேஷனில் என்னைவிடச் சரியாக இருநூறு ரூபாய் குறைத்து இன்னொருவர் போட்டபோதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய பூட்டாக இருந்தாலும், உள்ளே இருப்பவர் படிக்கத்தான் செய்வார். இப்போது கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே, அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, குரூப்பிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லியும் விடுகிறேன்.

முதலாளி குரலில் வாய்ஸ் நோட் வந்தது, அவசரமாகப் பணம் போடச் சொல்லி. போட்டுவிட்டோம். இனி என்ன செய்ய?

உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. அப்படியே பேங்குக்கும் சொல்லுங்கள். அந்த வாய்ஸ் நோட்டையும் நம்பரையும் அழித்துவிடாதீர்கள். இனிமேல் பணம் என்று யார் குரலில் எது வந்தாலும், முதலாளியின் பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு, அவர் வாயால் கேட்ட பிறகு போடுங்கள். "அப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டேன்" என்று முதலாளியும் கணக்கப்பிள்ளையிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.